உறிஞ்சுகுழிக்கு இடம் பார்த்தபோது நாங்கள் பட்டது

வீடு கட்டும்போது செப்டிக் டேங்க் பற்றிக் கடைசியாகத்தான் யோசித்தோம். கொல்லையில் எந்த மூலை மிச்சம் இருந்ததோ அதுவே, டேங்கிலிருந்து வரும் கழிவுநீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழிக்கு என்று முடிவானது. நல்ல கோடை. மேஸ்திரி முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி பறித்து இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வற்றிப்போனது. "மண்ணு நல்லா இழுக்குதுங்க, கவலையே வேண்டாம்" என்றார். நாங்களும் சரி என்று விட்டுவிட்டோம்.

தண்ணீரை இழுத்தது காய்ந்த களிமண்ணில் இருந்த வெடிப்புகள். முதல் பெருமழையில் களி ஊறி உப்பியதும் அத்தனை வெடிப்பும் மூடிக்கொண்டது. கழிப்பறையில் ஊற்றிய தண்ணீர் இறங்கவில்லை. குழி மூடியைச் சுற்றிக் கறுப்பாகக் கசிந்து, கிணற்றை நோக்கி ஓடியது. அந்த நாற்றத்தோடு பல வாரம் இருந்தோம்.

அடுத்த முறை மண் பார்க்கத் தெரிந்த ஒருவரை அழைத்தோம். அவர் வந்ததும் தண்ணீர் ஊற்றவில்லை. ஆள் இறங்கும் ஆழத்துக்கு வெட்டச் சொல்லி, உள்ளே இறங்கிக் குழியின் சுவரைக் கத்தியால் சுரண்டினார். மேலே பழுப்பு மண். இடுப்பளவுக்குக் கீழே சாம்பல் நிறம், அதில் துரு மாதிரி சிவந்த புள்ளிகள். "மழைக்காலத்துல தண்ணி இதுவரைக்கும் ஏறி நிக்குதுங்க" என்றார். மண் நீரில் மூழ்கிக் காற்று இல்லாமல் கிடந்தால் அதிலுள்ள இரும்பு கரைந்து சாம்பல் நிறமாகும், காற்று படும் இடத்தில் துருவாகத் தங்கும் என்று விளக்கினார். கொளுத்தும் வெயிலில் நின்றுகொண்டு மழைக்கால நீர்மட்டத்தைக் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

அப்புறம் ஈரமண்ணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துப் பட்டையாகத் தள்ளினார். மணலாக இருந்தால் உடனே உதிர்ந்துவிடுமாம். எங்கள் மண் விரல் நீளத்துக்கு நாடாவாக நீண்டது. சுத்தக் களி.

கடைசியில்தான் தண்ணீர்ச் சோதனை. மண்வெட்டி பட்டு மழமழப்பாகியிருந்த சுவரைக் கீறிவிட்டு, அடியில் சரளை போட்டு, ராத்திரி முழுவதும் குழியை ஊறவைத்தார். களி எவ்வளவு உப்புமோ அவ்வளவும் உப்பிய பிறகு அளந்தால்தான் கணக்கு. மறுநாள் நீர்மட்டம் 25 மில்லிமீட்டர் இறங்க 70 நிமிடத்துக்கு மேல் ஆனது. 60 நிமிடம் தாண்டினாலே உறிஞ்சுகுழிக்கு ஆகாதாம். மனையின் மேட்டுப் பக்கம் இதையே செய்து பார்த்தபோது 22 நிமிடம். ஆள் உயரத்துக்கு மேல் தோண்டியும் சாம்பல் மண் வரவில்லை. கிணற்றிலிருந்து 30 மீட்டருக்கு மேல் தள்ளி அங்கே மாற்றினோம். இரண்டு மழைக்காலம் போய்விட்டது, கசிவு இல்லை.

* * *

நீங்கள் எழுதியதைப் படித்தேன். உங்கள் குழி இழுக்கவில்லை. எங்களுக்கு அது இழுத்த இழுப்புதான் வினையானது. முழுக்க மணல். எவ்வளவு ஊற்றினாலும் நொடியில் காணாமல் போகும். அதிர்ஷ்டம் என்றே நினைத்தோம். பல வருடம் ஒரு அடைப்பு கிடையாது, ஒரு நாற்றம் கிடையாது.

பேத்தி பிறந்தபோது, புட்டிப்பால் கரைக்கத் தண்ணீர் வேண்டியிருந்ததால் கிணற்று நீரைச் சோதனைக்குக் கொடுத்தோம். கழிவுநீரிலிருந்து நிலத்தடி நீரில் கலக்கும் நைட்ரேட் என்ற உப்பு, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லிட்டருக்கு 50 மில்லிகிராம் வரம்பைத் தாண்டியிருந்தது. மலக்கிருமியும் இருந்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரிதான் இருந்தது, ருசியிலும் குறை இல்லை. காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. நீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கவிடாமல் அது தடுக்கும் என்று மருத்துவர் சொன்னதும் வீட்டில் யாருக்கும் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

குழியைத் திறந்து பார்த்தால் அடிப்பாகம் நிலத்தடி நீரிலேயே உட்கார்ந்திருந்தது. கழிவுநீரை மண் வடிகட்ட, குழியின் அடிக்கும் மழைக்கால நீர்மட்டத்துக்கும் நடுவே ஒன்றரை மீட்டராவது தண்ணீர் நிற்காத மண் இருக்க வேண்டும். ஆழமாக வெட்டினால் நல்லது என்று நினைத்து அந்த மண்ணையே எடுத்துவிட்டிருக்கிறோம். இப்போது ஆழம் குறைந்த நீளமான பள்ளங்கள், அதுவும் கிணற்றுக்குத் தாழ்வான பக்கத்தில். ஆனால் நைட்ரேட்டை மண் பிடித்துவைக்காது என்பதால் குழந்தைக்கு இன்னும் வேறு தண்ணீர்தான்.

உங்கள் கிணற்று நீரைக் கொடுத்துப் பார்த்தீர்களா? கசிவு அந்தப் பக்கம் ஓடியது என்று எழுதியிருக்கிறீர்கள்.

* * *

இல்லை, பார்க்கவில்லை. நாளைக் காலையில் எடுத்துக்கொண்டு போகிறேன்.