உணவு மேசையில் தலைவாழை இலை போடுவது எப்படி?

கேள்வி – கோவைக்குடித்தனம்

மகனுக்குப் பெண் கொடுக்கும் வீட்டார் ஆறு பேர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதன்முறையாக எங்கள் வீட்டுக்கு மதிய விருந்துக்கு வருகிறார்கள். அவர்களில் இருவர் முழங்கால் வலியால் தரையில் அமர இயலாதவர்கள் என்பதால், 5 அடி நீளமும் 3 அடி அகலமும் உள்ள எங்கள் உணவு மேசையிலேயே இலை போட்டுச் சைவ விருந்து பரிமாற எண்ணியிருக்கிறோம். தரையில் பந்தி வைத்துப் பழக்கமுண்டு. மேசையில் விருந்தினர் எதிரெதிரே அமரும்போது இலையின் நுனி எந்தப் பக்கம் இருக்க வேண்டும், எதை எங்கே வைக்க வேண்டும் என்பதில்தான் வீட்டில் ஆளுக்கொரு கருத்தாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

பதில் – பந்திவிசாரிப்பு

அம்மா, எந்தப் பக்கம் அமர்ந்தாலும் உண்பவரின் இடக்கைப் பக்கமே நுனி இருக்க வேண்டும். ஆகவே, எதிரெதிர் வரிசைகளில் நுனிகள் எதிர்த்திசைகளில்தான் இருக்கும்; பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று எல்லா இலைகளையும் ஒரே திசையில் அடுக்கிவிட்டால், ஒரு வரிசையினர் குறுகிய பக்கத்தில் சோறு பிசைய நேரிடும். அகன்ற பகுதி வலப்புறம் அமைவதே வலக்கை தாராளமாகப் புழங்குவதற்காகத்தான்.

நடுநரம்புக்கு மேலுள்ள பாதி தொடுகறிகளுக்கும், உண்பவரை ஒட்டிய கீழ்ப்பாதி சோற்றுக்கும் உரியவை. மேற்பாதியின் இடக்கோடியில் உப்பும் ஊறுகாயும் தொடங்க, பச்சடி, பொரியல், கூட்டு, அவியல் என்று வலப்புறமாக நகர்ந்து செல்லலாம். கீழ்ப்பாதியில் அப்பளமும் வடையும் இடப்புறம் இருக்கட்டும். பாயசத்தை ஒரு கரண்டி அளவு வலக்கோடியில் முதலில் விடுவது எங்கள் வீட்டு வழக்கம். இவற்றையெல்லாம் முன்கூட்டியே பரிமாறிவிடலாம். சோறு மட்டும் அனைவரும் அமர்ந்த பிறகே வர வேண்டும், அதன்மேல் பருப்பும் நெய்யும் உடனே விழ வேண்டும். ஆறிய சோற்றுக்கு முன்னால் விருந்தினரைக் காக்க வைப்பதைப் போன்ற குறை வேறில்லை.

பதில் – இலைக்கட்டு

முறை ஒருபுறம் இருக்கட்டும், அளவைப் பாருங்கள். 5 அடி என்பது 60 அங்குலம். ஒரு பக்கத்துக்கு மூவர் என்றால் ஆளுக்கு 20 அங்குலம்தான் கிடைக்கும். சந்தையில் கிடைக்கும் நல்ல நுனி இலை அதைவிட நீளமாகவே இருக்கும். எனவே 18 அங்குலம் வருமாறு அடிப்பக்கத்தை நறுக்கிக்கொள்ளுங்கள். நுனியில் கத்தி படக் கூடாது. மேசையின் இரு தலைமாட்டிலும் எவரையும் அமர்த்த வேண்டாம், அங்கே இலை போட்டால் பக்கவாட்டு இலைகளுக்கு இடம் இராது.

இன்னொன்று, இலையின் பின்புறம் நடுநரம்பு தடித்திருப்பதால் சமதளமான மேசையில் இலை தூக்கிக்கொண்டு நிற்கும், ரசம் மடிக்கு ஓடும். தடித்த பகுதியை மேலாகச் சீவிவிட்டால் படிந்து உட்காரும். கண்ணாடி மேசையாக இருந்தால் அடியில் மெல்லிய பருத்தித் துணி விரிப்பது நல்லது, இல்லையேல் இலை வழுக்கும்.

பதில் – சிவகங்கைச்சீமை

முன்னவர் கூறிய பாயச வழக்கம் எல்லா வீடுகளுக்கும் பொதுவன்று. எங்கள் பக்கத்தில் இனிப்பை இடப்புறம் வைத்து, பாயசத்தை ரசத்துக்குப் பிறகு, மோருக்கு முன் பரிமாறுவோம். சம்பந்தி வீட்டாரின் வழக்கத்தை மகன் மூலமாக ஒரு சொல் கேட்டறிந்துகொள்ளுங்கள். அவர்கள் வீட்டில் எப்படியோ அப்படியே செய்துவிடுவது மரியாதை. உப்பு, ஊறுகாய், நுனியின் திசை ஆகியவற்றில் எவருக்கும் மாற்றுக் கருத்து இருக்க வாய்ப்பில்லை.

கோவைக்குடித்தனம்

அனைவருக்கும் மிக்க நன்றி. தரையில் இலைக்கு முன்னால் நடந்துகொண்டே பரிமாறிவிடுவோம். மேசையில் அந்த வழி இல்லையே, நாற்காலிக்குப் பின்னால் நின்றுதானே பரிமாற வேண்டும்? தண்ணீர் டம்ளரை எங்கே வைப்பது?

பதில் – பந்திவிசாரிப்பு

உண்பவரின் இடத்தோள் பக்கமாக நின்று பரிமாறுங்கள். வலப்பக்கம் நின்றால் அவர் கை வாய்க்குப் போகும் நேரத்தில் உங்கள் கரண்டி குறுக்கிடும். டம்ளரும் இலையின் இடப்புற மேல்மூலைக்கு அப்பால் இருக்கட்டும், வலக்கை எச்சிலாக இருப்பதால் இடக்கையால்தான் எடுப்பார்கள். மேசையின் நடுவில் மிஞ்சும் அரையடி இடத்தில் நெய்க்கிண்ணமும் தண்ணீர்ச் செம்பும் மட்டுமே கொள்ளும்; சாம்பார், ரசப் பாத்திரங்களை அருகில் தனி முக்காலியில் வைத்து, பரிமாற இருவரை நிறுத்துங்கள். ஆறு பேருக்கு ஒருவர் பரிமாறினால், கடைசி இலைக்குச் சாம்பார் போய்ச் சேர்வதற்குள் முதல் இலைக்காரர் ரசம் கேட்பார். ரசத்தைக் குடிக்க விரும்புவோருக்குச் சிறு கிண்ணங்களும் கைவசம் இருக்கட்டும்.