உங்ககிட்ட இருக்கறது எந்த எடிஷன்? பைபிள் ஸ்டடி சாஃப்ட்வேர் அனுபவங்கள் இங்க எழுதுங்க

பழையடிஸ்க்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருக்கு, அதான் எழுதறேன். எங்க பழைய பாஸ்டர் கர்த்தருக்குள்ள நித்திரையானப்புறம் பாஸ்டரம்மா என்னைக் கூப்பிட்டு அவரோட டிஸ்க் பெட்டியைக் குடுத்தாங்க, "ஐயா ராப்பகலா இதுலதான் தம்பி உக்காந்திருப்பாரு, நீயே வெச்சுக்கோ"ன்னாங்க. லிப்ரானிக்ஸ், லோகோஸ் கம்பெனியோட பழைய பைபிள் சாஃப்ட்வேர். லோகோஸ் 4 வர்ற வரைக்கும், அதாவது 2009 வரைக்கும் ஓடுனது, பாத்தவங்களுக்குத் தெரியும். பெட்டி மேல ஸ்காலர்ஸ் லைப்ரரின்னு இருக்கு, உள்ள ஒரு துண்டுப் பேப்பர்ல பேனாவால கோல்டுன்னு எழுதியிருக்கு, அபவுட்ல போய்ப் பாத்தா வெர்ஷன் நம்பர்தான் இருக்கு, பேக்கேஜ் பேரு எங்கயும் காணோம்.

அவரோட நோட்ஸ் ஃபைல் ஒரு பென் டிரைவ்ல இருந்துச்சு. இன்ஸ்டால் பண்ணி அதைத் திறந்தேன். பிலிப்பியர் 2:7, "தம்மைத்தாமே வெறுமையாக்கி". அதுக்குக் கீழ வரி வரியா எழுதி ஒவ்வொரு வரிக்கும் லிங்க் போட்டு வெச்சிருக்காரு, கிட்டெல் அகராதில (புதிய ஏற்பாட்டு கிரீக் வார்த்தைகளுக்கான பெரிய அகராதி) இந்த வால்யூம் இந்தப் பக்கம், இந்த கமெண்டரில இந்த இடம்னு. லிங்கை அமுக்குனா புத்தகம் பூட்டியிருக்குன்னு வருது. அடுத்த லிங்க், அதுவும் பூட்டு. அவர்கிட்ட இருந்திருக்கு, என்கிட்ட இல்ல, ரெண்டு பேரும் போட்டது அதே டிஸ்க். ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். அவர் என்னதான் வாங்கி வெச்சிருந்தாருன்னு கண்டுபிடிக்க வழி இருக்கா?

கோல்டுவாங்கினவன்:
பிரதர், பெட்டி மேல இருக்கற பேரை நம்பவே நம்பாதீங்க. நான் செகண்ட் ஹேண்ட்ல ஒருத்தர்கிட்ட வாங்கினேன், கோல்டு கோல்டுன்னே சொன்னாரு, அவரும் பொய் சொல்லல, அவர் வாங்கினப்போ பில்லுலயும் கோல்டுன்னுதான் இருந்துச்சு. பிரச்சினை என்னன்னா கோல்டுங்கற பேரு ஒண்ணுதான், சரக்கு வேற வேற. லிப்ரானிக்ஸ் காலத்துலயும் லோகோஸ் 4லயும் ஸ்காலர்ஸ் லைப்ரரி கோல்டுன்னு ஒண்ணு. 2012ல லோகோஸ் 5 வந்தப்போ ஸ்டார்ட்டர், பிரான்ஸ், சில்வர், கோல்டு, பிளாட்டினம், டைமண்டுன்னு வரிசையையே மாத்திட்டாங்க, அதுல வர்ற கோல்டு வேற. அப்புறம் 2014ல 6, 2016ல 7, 2018ல 8, 2020ல 9, ஒவ்வொண்ணுக்கும் கோல்டு இருக்கு, ஒவ்வொண்ணுலயும் புத்தக லிஸ்ட் மாறுது.

ஃபோன்ல, எனக்கு வித்தவர் அவரோட லிஸ்டைப் படிக்கறாரு, நான் புதுப் பேக்கேஜோட லிஸ்டைத் திறந்து வெச்சு ஒவ்வொண்ணா டிக் அடிக்கறேன், பாதி தாண்டறதுக்குள்ளயே ரெண்டு பேருக்கும் புரிஞ்சு போச்சு. நான் எதுக்காக வாங்கணும்னு நினைச்சேனோ அந்த கமெண்டரி செட்டு அவரோட கோல்டுல கிடையாது. அவரு குரலே இறங்கிடுச்சு, "நான் வேணும்னே சொல்லல பிரதர்"னாரு. அந்தக் குரல்தான் எனக்கு இன்னும் மறக்கல. அதனால பேரு, நம்பர் ரெண்டையும் சேத்துச் சொன்னாதான் அர்த்தம். வெறும் கோல்டுன்னா ஒண்ணும் சொன்ன மாதிரி இல்ல.

லெனின்கிராட்:
நான் பைபிள்வொர்க்ஸ்ங்கற சாஃப்ட்வேர் யூஸ் பண்ற ஆளு. 2018 ஜூன் 15ல கம்பெனியையே மூடிட்டாங்கங்கறது தெரிஞ்ச கதைதான், அதனால எங்களுக்கு எந்த வெர்ஷன்ங்கறது கொஞ்சம் பெரிய கேள்வி, ஏன்னா கேட்டுத் தெரிஞ்சுக்க ஆளில்ல.

என் லேப்டாப் போயிடுச்சு, புது மெஷின்ல ஏத்தணும், கையில டிஸ்க் உறை மேல ஒண்ணும் படிக்க முடியல, மை அழிஞ்சிருக்கு. 9ஆ 10ஆன்னு ஞாபகம் இல்ல. ஏத்தி முடிச்சு எபிரேய பைபிளை விரிச்சேன், லெனின்கிராட் கோடெக்ஸ்ங்கற பழைய எபிரேயக் கையெழுத்துச் சுவடியோட பக்கப் படமே வந்து நின்னுச்சு, அந்த மூணு பத்தி, ஓரத்துல பொடிப்பொடியா மசோரா குறிப்புகள், தோல்ல இருக்கற கறை உட்பட. அப்ப 10தான்னு முடிவு பண்ணேன். அந்தப் படங்கள் 2015ல வந்த 10லதான் சேத்தாங்க. 9ல சினாய்ட்டிகஸ், வத்திகானஸ் மாதிரி கிரீக் கையெழுத்துப் பிரதிகளைப் படியெடுத்த டெக்ஸ்ட் வந்துச்சு, லெனின்கிராட் படம் இல்ல. அபவுட் திறக்காமலேயே சொல்லிடலாம்.

1008ஆம் வருஷம் எழுதி முடிச்ச சுவடி என் மேஜை மேல. அதைப் பாத்ததும் எடிஷன் குழப்பமெல்லாம் மறந்தே போச்சு.

இலவசம்போதும்:
மேல எழுதுன எல்லாருக்கும் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. காசு குடுத்து வாங்கறதாலதான் இந்தத் தலைவலி. நான் 2000லருந்து கிடைக்கற இ-ஸ்வோர்ட்தான் யூஸ் பண்றேன், இலவசம், பேக்கேஜும் கிடையாது கோல்டும் கிடையாது. ஒரே ஒரு தடவை குழம்பினேன், நண்பர் ஒருத்தர் அவர் சேத்து வெச்ச மாட்யூல் (பைபிள், கமெண்டரின்னு தனித்தனியா சேக்கற ஃபைல்) எல்லாத்தையும் காப்பி பண்ணிக் குடுத்தாரு, ஃபோல்டர்ல போட்டேன், ஒண்ணுகூட லிஸ்ட்ல வரல. அவ்ளோதான் என் கதை.

இப்ப எல்லாரும் கவனிங்க. ஃபைல் பேரோட கடைசி எழுத்துகளைப் பாருங்க. பிபிஎல், சிஎம்டின்னு முடிஞ்சா அது 8ஆவது வெர்ஷன் வரைக்கும் ஓடுன பழசு. கடைசில ஒரு எக்ஸ் சேந்து பிபிஎல்எக்ஸ், சிஎம்டிஎக்ஸ்னு முடிஞ்சா 9லருந்து வந்தது. ஐன்னு முடிஞ்சா மேக், ஐபேட் பக்கம் ஆரம்பிச்ச வகை. சாஃப்ட்வேர் என்ன நம்பர்னு ஹெல்ப் மெனு சொல்லும், ஆனா மாட்யூல் எந்தக் காலத்துதுன்னு அந்த எழுத்துதான் சொல்லும். பேரை மட்டும் மாத்தி எக்ஸ் போட்டா ஓடாது, உள்ள இருக்கற டேட்டாபேஸே வேற, மாத்தறதுக்குன்னு தனி டூல் இருக்கு.

ஸிஃபோஸ், பைபிள்டைம் மாதிரி ஸ்வோர்ட் பிராஜெக்ட் சாஃப்ட்வேர் வெச்சிருக்கறவங்களுக்கு இன்னும் சுலபம். மாட்ஸ்.டின்னு ஒரு ஃபோல்டர், அதுல ஒவ்வொரு மாட்யூலுக்கும் ஒரு கான்ஃப் ஃபைல், நோட்பேட்லயே திறக்கும், உள்ள வெர்ஷன்னு ஒரு வரி, லைசென்ஸ்னு ஒரு வரி. எல்லாம் பச்சையா எழுதியிருக்கும், மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. எல்லாரும் இப்பவே திறந்து ஒவ்வொரு மாட்யூலோட வெர்ஷனையும் ஒரு ஷீட்ல எழுதி வெச்சுக்கங்க. தேதியும் எழுதுங்க. பேக்கப் எடுத்து வேற டிரைவ்ல வைங்க. இன்ஸ்டால் பண்ண ஃபைலையும் சேத்து வைங்க, டவுன்லோட் பக்கத்துல எப்பவும் புதுசுதான் இருக்கும், பழசு தேடுனா கிடைக்காது. பாஸ்டர்மார் எல்லாரும் இதைப் பண்ணணும், வாலிபர் யாரையாவது உக்கார வெச்சாவது பண்ணிடுங்க.

கோல்டுவாங்கினவன்:
யாரும் கேக்காததுக்கு இவ்ளோ நீளமா. பழையடிஸ்க் பிரதர் கேட்டது அவர் பாஸ்டர் வெச்சிருந்த புத்தகங்களைப் பத்தி, இலவசமா காசான்னு இல்ல. கிட்டெல் பத்து வால்யூம் இ-ஸ்வோர்ட்ல இலவசமா வராது.

யூதாஐந்து:
இலவசம்போதும் ஐயா, ஃபைல் எழுத்து விஷயம் எனக்கு உபயோகமா இருந்துச்சு, நன்றி. ஆனா இலவசம்னா எடிஷன் தலைவலி இல்லன்னு சொன்னதை ஒத்துக்க முடியல. சாஃப்ட்வேர் புதுசா இருக்கும், உள்ள இருக்கற டெக்ஸ்ட் பழசா இருக்கும், அதுதான் நிஜமான குழப்பம்.

எங்க பெண்கள் கூடுகைல யூதா நிருபம் படிச்சிட்டிருந்தோம். அஞ்சாம் வசனம். நம்ம பைபிள்ல "கர்த்தர் தமது ஜனத்தை எகிப்து தேசத்திலிருந்து வரப்பண்ணி"ன்னு இருக்கும். நான் என் ஸ்கிரீன்ல கிரீக் பாத்து ஆமா கர்த்தர்தான்னேன். பக்கத்துல இருந்த சிஸ்டர், இறையியல் படிச்சவங்க, அவங்க கையில அச்சுப் புத்தகம், மெதுவா "இல்ல, இங்க இயேசுன்னு இருக்கு"ன்னாங்க. இயேசு இஸ்ரவேலை எகிப்துலருந்து கொண்டு வந்தார்னு. ஒருத்தரும் பேசல, எல்லாரும் அவங்க புத்தகத்துக்கு மேல குனிஞ்சாங்க. எனக்கு உடம்பே சிலிர்த்துச்சு.

விஷயம் என்னன்னா ரெண்டு பேரும் வெச்சிருந்தது நெஸ்லே-ஆலண்டுங்கற கிரீக் புதிய ஏற்பாட்டுப் பதிப்புதான். என்னது 1993ல வந்த 27ஆவது பதிப்பு, அவங்களது 2012ல வந்த 28. யாக்கோபுலருந்து யூதா வரைக்கும் உள்ள பொது நிருபங்கள்லதான் 28ல மூலத்தையே சில இடங்கள்ல மாத்தினாங்க, யூதா 5 அதுல ஒண்ணு. அதனால மெனுல வெறும் கிரீக் புதிய ஏற்பாடுன்னு போட்டிருந்தா யூதா 5ஐத் திறங்க, கர்த்தர்னு இருந்தா 27, இயேசுன்னு இருந்தா 28. இன்னொரு அடையாளம் 2 பேதுரு 3:10, கடைசில பூமியும் அதுல உள்ள கிரியைகளும்னு வர்ற இடத்துல "இல்லை"ன்னு ஒரு எதிர்மறை சேந்திருக்கும், அது 28லதான்.

இங்கிலீஷ்ல என்ஐவி மொழிபெயர்ப்பு வெச்சிருக்கறவங்களும் பாருங்க, லிஸ்ட்ல என்ஐவின்னு ஒரே பேருதான் இருக்கும். தகவல் பக்கத்துல காப்பிரைட் வரி 1973, 1978, 1984ன்னு நின்னா பழசு, 2011 சேந்திருந்தா புதுசு. நாங்க கூடுகைல இப்பல்லாம் முதல்ல அந்தப் பக்கத்தைத் திறந்து எல்லாரும் ஒரே டெக்ஸ்ட்தானான்னு பாத்துட்டுதான் ஆரம்பிக்கறோம்.

இலவசம்போதும்:
சிஸ்டர் சொல்றது சரி, அதை நான் ஒத்துக்கறேன். நான் சாஃப்ட்வேரை மனசுல வெச்சு எழுதினேன்.

மேசைவிளக்கு:
பழையடிஸ்க் தம்பி, யாரும் உங்க கேள்விக்குப் பதிலே சொல்லலையே. லிப்ரானிக்ஸ் டிஸ்க்ல வாங்குன புத்தகமும் இருக்கும் வாங்காததும் இருக்கும், பூட்டைத் திறக்கறது லைசென்ஸ்தான், அது ஐயாவோட கஸ்டமர் நம்பர்ல இருக்கும், டிஸ்க்ல இல்ல. அதான் ஒரே டிஸ்க் போட்டும் அவருக்குத் திறந்துச்சு உங்களுக்குத் திறக்கல. அம்மாவை விட்டே கம்பெனிக்கு எழுதச் சொல்லுங்க, ஐயா பேரு, பழைய ஈமெயில், இறப்புச் சான்றிதழ் எல்லாம் சேத்து. அவங்க சம்மதிச்சாதான் உங்க பேருக்கு மாத்த முடியும், கையில டிஸ்க் இருக்கறதால மட்டும் உரிமை வராது.

இன்னொண்ணு, ஃபோல்டர்ல எல்பிஎக்ஸ்எல்எல்எஸ்னு முடியற ஃபைல்தான் லிப்ரானிக்ஸ் புத்தகம். லோகோஸ்4ன்னு முடிஞ்சா 4ல ஆரம்பிச்ச வகை, ஆனா 9, 10லயும் அதே எழுத்துதான், அதைப் பாத்துட்டு நம்மகிட்ட இருக்கறது நாலாவது வெர்ஷன்னு நிறையப் பேரு நினைச்சுக்கறாங்க. என் மச்சான் அப்படி நினைச்சு இருந்த பேக்கேஜையே திரும்ப வாங்கப் போனான், நல்ல வேளையா அக்கவுண்ட்ல லாகின் பண்ணிப் பாத்தோம்.

அப்புறம் அந்த நோட்ஸ். எந்தெந்தப் புத்தகத்துக்கு லிங்க் போட்டிருக்காரோ அதெல்லாம் அவர் திறந்து படிச்சது. அதையே லிஸ்டா எழுதுனீங்கன்னா பேக்கேஜ் பேரு தெரியலன்னாலும் அவர் மேஜைல என்னென்ன இருந்துச்சுன்னு தெரிஞ்சிடும்.

பழையடிஸ்க்:
ஐயா இது எனக்குத் தோணவே இல்ல. எழுத ஆரம்பிச்சுட்டேன். அம்மாவும் கடிதம் எழுதறேன்னு சொல்லியிருக்காங்க, பழைய ஈமெயில் பாஸ்வேர்டு ஒரு டைரில இருக்காம்.

புதுசு:
நடுவுல வந்து கேக்கறேன், மன்னிக்கணும். நான் லோகோஸ்ல 2024ல வந்த சந்தா முறைல புரோ போட்டிருக்கேன், அதுக்கு முந்தி தனியாவும் சிலது வாங்கியிருக்கேன். எல்லாம் ஒரே லைப்ரரில கலந்து தெரியுது. நாளைக்கு சந்தாவை நிறுத்திட்டா எது என்னதுன்னு எப்படித் தெரியும்?

மேசைவிளக்கு:
அக்கவுண்ட்ல ஆர்டர் ஹிஸ்டரி இருக்கும், பாருங்க. அதுல விலை குடுத்து வாங்குன புத்தகம்னு வர்றதெல்லாம் உங்களது, சந்தாவை நிறுத்தினாலும் இருக்கும். சந்தாவோட வந்தது சந்தா இருக்கற வரைக்கும்தான். நோட்ஸ் எழுதறப்போ இது எந்த வகைன்னு ஓரத்துல ஒரு குறி போட்டு வைங்க.

புதுசு:
பாத்துட்டேன். ரோமர் கமெண்டரி ஒண்ணும் கிரீக் லெக்சிகனும் மட்டும்தான் என் பேர்ல இருக்கு, மத்தது எல்லாம் சந்தாவோட வந்தது. ரொம்ப நன்றி ஐயா, இப்பவே குறி போட ஆரம்பிக்கறேன்.