வருடச் சக்கரத்தின் நாள்கள் (விக்கா, பேகன் நெறியினர் கொண்டாடும் எட்டுப் பருவ நாள்கள்): நேரில் கண்டவர்கள் எழுதுங்கள்

லீட்ஸிலிருந்து:

அப்பா போன வருஷம் ஆகஸ்டில் தவறினார். நான் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம். காரியத்துக்குப் போக முடியவில்லை. பதினாறாம் நாள் படையலை அண்ணன் வாட்ஸ்அப்பில் காட்ட, பஸ்ஸில் நின்றபடி பார்த்தேன்.

எங்கள் ஆபீசில் சம்பளக் கணக்கு பார்க்கும் அம்மா ஒருவர் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். தான் விக்கா என்ற, இயற்கையை வழிபடும் புதிய நெறியைச் சேர்ந்தவள் என்பதை யாரிடமும் மறைக்க மாட்டார். அக்டோபர் கடைசியில் என்னிடம் வந்து, "31ஆம் தேதி ராத்திரி சாப்பிட வா. உன் அப்பாவுக்குப் பிடித்தது ஏதாவது இருந்தால் கொண்டு வா. ஆனால் வாசலுக்குள் வந்த பிறகு ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்றார். அந்த ராத்திரிக்குச் சவின் என்று பெயர், இறந்தவர்களை நினைக்கும் நாள். அது என் காதில் 'சாவின்' என்றே விழுந்தது.

தயிர்சாதமும் நார்த்தங்காய்த் துண்டும் சின்ன டப்பாவில் எடுத்துப் போனேன். எட்டுப் பேர் வந்திருந்தார்கள். மேஜையின் தலைமாட்டில் கறுப்புத் துணி போர்த்திய நாற்காலி, அதற்கு முன்னால் ஒரு தட்டு, ஒரு மெழுகுவத்தி. அவரவர் இழந்தவரின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதி அந்தத் தட்டுக்கு அடியில் வைத்தோம். நான் தமிழில் எழுதினேன். அவர் என் டப்பாவைத் திறந்து பார்த்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. ஒரு கரண்டி எடுத்து முதலில் அந்தத் தட்டில் வைத்துவிட்டு, பிறகுதான் எங்களுக்குச் சூப்பும் ரொட்டியும் பரிமாறினார்.

ஒரு மணி நேரத்துக்கு ஸ்பூன் சத்தம் மட்டும்தான். கடைசியில் ஓர் ஆப்பிளை எடுத்து, காம்பிலிருந்து கீழே வெட்டாமல் குறுக்கே வெட்டினார். நடுவில் ஐந்து விதை அறைகள், அச்சாக ஒரு நட்சத்திரம். இத்தனை வருஷம் ஆப்பிள் தின்றும் அதை நான் பார்த்ததே இல்லை. ஆளுக்கு ஒரு வில்லை கொடுத்தார். எனக்கு அங்கேதான் அழுகை வந்தது. ஆகஸ்டிலிருந்து வராத அழுகை. யாரும் தோளைத் தட்டவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை. அழவிட்டார்கள். அதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

பிறகு அந்தத் தட்டிலிருந்த சாப்பாட்டைத் தோட்டத்து மரத்தடியில் கொண்டுபோய் வைத்தோம். வெளிக் கதவைத் தாண்டிய பிறகே பேச்சு. விவரமாகக் கேட்டேன். வருஷத்தில் எட்டு நாள்: சவின், டிசம்பரில் சூரியன் திரும்பும் யூல், பிப்ரவரி தொடக்கத்தில் இம்போல்க், மார்ச்சில் இரவும் பகலும் சமமாகும் ஓஸ்டாரா, மே முதல் தேதி பெல்டேன், ஜூனில் பகல் மிக நீளும் லிதா, ஆகஸ்ட் முதல் தேதி லூனஸா, செப்டம்பரில் மேபன். சவின், இம்போல்க், பெல்டேன், லூனஸா நான்கும் அயர்லாந்தின் பழைய நாள்கள். எட்டையும் ஒரே சக்கரமாகக் கோத்தது 1950களில்தான். சூனியத்துக்கு எதிரான சட்டம் இங்கே பிரிட்டனில் 1951இல் நீங்கிய பிறகு, விக்காவைப் பரப்பிய ஜெரால்ட் கார்ட்னரும் அவரைச் சுற்றியிருந்தவர்களும் வெளிப்படையாகப் பேசத் தொடங்கிய காலம் அது. மேபன் என்ற பெயரே 1970களில் ஓர் அமெரிக்கர் வைத்தது. "எங்கள் சக்கரத்துக்கு ஏறக்குறைய என் வயசுதான்" என்று அவரே சொன்னார். பழமை என்று பொய் சொல்லாத அந்தக் குணம் எனக்கு மிகவும் பிடித்தது.

இங்கே அந்த வாரம்தான் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். மாலை நாலரைக்கே சூரியன் மறைந்துவிடும். டிசம்பரில் பகல் ஏழரை மணி நேரம்தான். சென்னையில் மார்கழியிலும் பதினொரு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் பார்த்து வளர்ந்தவள் நான். இந்த இருட்டுக்குள் நுழையும் வாசலில் போனவர்களை ஏன் கூப்பிடுகிறார்கள் என்பது இங்கே ஒரு குளிர்காலம் இருந்து பார்த்தவருக்குத்தான் விளங்கும் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் கண்டதையும் எழுதுங்கள்.

அயர்லாந்தின் கில்டேரிலிருந்து:

அக்கா, டியூட்டி முடிந்து வந்து படித்தேன். நான் இங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸ். இம்போல்க் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இங்கே அதைப் புனித பிரிஜிட் நாள் என்பார்கள், பிப்ரவரி 1. 2023இலிருந்து அதற்கு அரசு விடுமுறையும் உண்டு.

என் வார்டில் தொண்ணூறு வயதைத் தொட்ட பாட்டி ஒருத்தர் இருந்தார். ஞாயிறு தவறாமல் பூசை கேட்பவர். ஜனவரி கடைசியில் அவர் மகன் வயலிலிருந்து ஒரு கட்டு கோரை கொண்டுவந்தார். கத்தியால் அறுக்கக் கூடாதாம், கையால்தான் பிடுங்க வேண்டுமாம். பாட்டி எனக்குச் சிலுவை பின்னக் கற்றுக்கொடுத்தார். ஒரு கோரையை நேராகப் பிடி. இன்னொன்றை நடுவில் மடித்து அதன்மேல் மாட்டு. கால் சுற்று திருப்பு. அடுத்ததை மடித்து முந்தினதன்மேல் மாட்டு. எப்போதும் ஒரே பக்கமாகத் திருப்பு. ஏழெட்டுச் சுற்றில் நடுவே ஒரு சதுரம் இறுகி வந்தது, நான்கு பக்கமும் கை நீண்டது. நுனிகளை நூலால் கட்டினோம். விரலெல்லாம் பச்சை வாசம். கீல்வாதத்தில் வளைந்துபோன அவர் விரல்கள் அதைப் பின்னும்போது மட்டும் வளைந்ததாகவே தெரியவில்லை.

அன்று சாயங்காலம் ஒரு துணியை ஜன்னலுக்கு வெளியே போடச் சொன்னார். இரவு பிரிஜிட் அந்த வழியாகப் போகையில் தொட்டுவிட்டுப் போவாள், பிறகு வருஷம் முழுக்கத் தலைவலிக்கு அதைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும். காலையில் எடுத்தபோது பனியில் விறைத்திருந்தது. இப்போதும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

இந்த ஊரில் பிரிஜிட்டுக்கு அணையாத் தீ ஒன்று இருந்ததாக 12ஆம் நூற்றாண்டிலேயே ஜெரால்ட் என்ற வேல்ஸ் பாதிரியார் எழுதியிருக்கிறார். 19 கன்னியர் முறை வைத்துக் காத்தார்களாம், இருபதாம் இரவு பிரிஜிட்டே காப்பாளாம். அணைந்துபோன அந்தத் தீயை 1993இல் கன்னியர்கள் மறுபடி ஏற்றினார்கள். பாட்டி இறந்த பிறகு, ஜனவரி 31 ராத்திரி பிரிஜிட் கிணற்றுக்குப் போனேன். எனக்கு இடப்பக்கம் ஜெபமாலையோடு ஒரு கன்னியாஸ்திரி, வலப்பக்கம் 'தேவி' என்று பிரிஜிட்டைக் கூப்பிட்ட இளம்பெண்கள். எல்லார் கையிலும் விளக்கு. யாரும் யாரையும் விலகிப் போகச் சொல்லவில்லை. செம்மறிகளுக்குப் பால் சுரக்கத் தொடங்கும் காலம் என்பதால் வந்த நாள் இது என்கிறார்கள். வழியில் ஆட்டுக்குட்டிச் சத்தம் கேட்டது.

சோல்ஸ்பரியிலிருந்து:

வணக்கம் எல்லாருக்கும். நாங்கள் ஸ்டோன்ஹெஞ்சுக்குக் கிட்ட இருக்கிறம், பெரிய கல்லுகள் வட்டமா நிக்கிற அந்தப் பழைய இடம். லிதா பார்க்கப் போன ஜூன் 20 இரவு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனனாங்கள். அம்மாவுக்கு 74 வயது. மற்ற நாளில பெரும்பாலும் கயிறு கட்டித் தூரத்தில நிண்டு பார்க்கத்தான் விடுவினம். அண்டைக்கு இரவிரவாகக் கல்லுக்குள்ள போகலாம், காசும் இல்லை. 1985 இல அங்க கொண்டாட வந்த சனத்தைப் பொலிஸ் வழியில மறிச்சு அடிச்சுக் கலைச்சதாம். பிறகு 2000 ஆம் ஆண்டுதான் திரும்ப எல்லாரையும் உள்ள விட்டவை.

ஆயிரக்கணக்கில சனம். வெள்ளை உடுப்புப் போட்ட ட்ரூயிட் ஆக்கள் (பழைய கெல்டிக் பூசாரிமாரின்ர வழியில நடக்கிறவை), மேளம், தலையில பூ வைச்ச பிள்ளையள். ஜூன் எண்டாலும் விறைச்சுப் போனம். அம்மா கல்லில கை வைச்சவ, "ஐயோ, ஐஸ் மாதிரிக் கிடக்கு" எண்டவ. விடிய ஐந்து மணிக்குக் கொஞ்சம் முந்தி, வெளியில தனிய நிக்கிற ஹீல் ஸ்டோன் பக்கம் மேகம் சிவந்தது. மேளம் எல்லாம் நிண்டிட்டுது. சூரியன்ர விளிம்பு தெரிஞ்ச உடன சனம் சத்தம் போட்டது. அம்மா மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நிண்டவ. பக்கத்தில நிண்ட தாடிக்காரக் கிழவர் அவவைப் பார்த்திட்டு, தன்ர தடியைக் கீழ வைச்சு, அதே மாதிரிக் கை கூப்பினார். எனக்கு அது போதும்.

ஒண்டு மட்டும் மனவருத்தம். சனம் போன பிறகு புல்லெல்லாம் குப்பை. நாங்கள் ரெண்டு பை பொறுக்கினாங்கள்.

மெல்பர்னிலிருந்து:

தெற்கில் பருவங்கள் தலைகீழ் என்பதால், இங்கே இருக்கும் பேகன் நண்பர்கள் (விக்கா போல இயற்கையை வழிபடுபவர்கள்) சக்கரத்தையே திருப்பிப் போட்டுவிட்டார்கள். சவின் ஏப்ரல் கடைசியில், யூல் ஜூனில். கடையெல்லாம் அக்டோபரில் ஹாலோவீன் பூசணிக்காய் விற்கும். இவர்கள் அப்போது மரத்தில் ரிப்பன் கட்டிப் பெல்டேன் கொண்டாடுவார்கள். தேதி புத்தகத்தில் இருக்கிறது, குளிர் வாசலில்தானே இருக்கிறது என்று ஒரு தோழி சொன்னாள். போன ஜூன் யூலுக்கு அவள் வீட்டில் விடிய விடிய தீ காத்தோம். விறகு போட்டது என் முறை, மூன்றிலிருந்து நான்கு மணி வரை.

லீட்ஸிலிருந்து:

தங்கச்சி, அந்தத் துணியைப் பத்திரமாக வைத்துக்கொள். சோல்ஸ்பரி அண்ணா, அம்மாவை நான் கேட்டதாகச் சொல்லுங்கள். இந்த அக்டோபர் 31க்கும் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். என் அம்மா நார்த்தங்காய் அனுப்பியிருக்கிறார், இரண்டு பாட்டில். ஒன்று அந்த வீட்டுக்கு.