டியானா டர்பினின் 1937 படம்: சிரிப்பா, சால்ஜாப்பா?

ஓட்டைப்ரொஜெக்டர்:
ஹென்றி கோஸ்டரின் ‘ஒன் ஹண்ட்ரட் மென் அண்ட் எ கேர்ள்’ நேற்று ராத்திரி பார்த்தேன். வேலையில்லாத டிராம்போன் (ஊதும் பித்தளை வாத்தியம்) கலைஞரின் மகள் பாட்ஸி; அந்த வேடத்தில் டியானா டர்பின். அப்பாவைப் போலவே வேலை போன நூறு வாத்தியக்காரர்களின் குழுவுக்கு, புகழ்பெற்ற இசை நடத்துநர் ஸ்டோகோவ்ஸ்கியையே பிடித்துத் தரக் கிளம்புகிறாள். ஸ்டோகோவ்ஸ்கியாக ஸ்டோகோவ்ஸ்கியே நடித்திருக்கிறார். படம் வந்தபோது டர்பினுக்கு 15 வயசு. மொஸார்ட்டின் ‘அல்லேலூயா’வை அநாயாசமாகப் பாடுகிறார். இதைவிட ஜாலியான இசைப்படம் அந்தக் காலத்தில் இல்லை என்பேன். மறுப்பவர்கள் வரலாம்.

கறார்கந்தசாமி:
வந்துட்டேன். குரலில் குறையே இல்லை. ஆனால் அந்த நூறு பேருக்கு வேலை ஏன் போச்சு தம்பி? ஊமைப்படக் காலத்தில் தியேட்டருக்குத் தியேட்டர் உட்கார்ந்து வாசித்தவர்களை, 1927க்குப் பிறகு பேசும்படம் வந்ததும் ஆயிரக்கணக்கில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன் மேலே பொருளாதார மந்தம் வேறு. பிழைப்பில் மண்ணைப் போட்ட ஹாலிவுட், அதைப் பற்றி மூச்சே விடாமல் கண்ணீர் மட்டும் துடைக்கிறது. போதாக்குறைக்கு, நம் காதில் விழுவது பிலடெல்பியா இசைக்குழுவின் வாசிப்பு! வேலையற்றவர்களுக்குக் குரல் கொடுத்தது நாட்டின் முதல்தரக் குழு.

ஓட்டைப்ரொஜெக்டர்:
அண்ணே, சிரிப்புப் படத்திடம் விசாரணைக் கமிஷன் அறிக்கை கேட்கறீங்க. பணக்காரர்களை அது சும்மா விட்டதா? தொலைந்த பர்ஸைத் திருப்பித் தந்த பாட்ஸியிடம், ‘குழு சேர்த்தா நான் ஆதரிக்கிறேன்’ என்று ஃப்ராஸ்ட் சீமாட்டி வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள். அடுத்து ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறிவிடுகிறாள். நூறு பேரும் ஒரு கராஜில் ஒத்திகை பார்த்துக்கொண்டு நடுத்தெருவில் நிற்கிறார்கள். அது குத்தல் இல்லையா?

சுருதிபேதம்:
இரண்டு பேரும் மாடிப்படிக் காட்சியை விட்டுட்டீங்களே! ஸ்டோகோவ்ஸ்கி வீட்டுக்குள் நூறு பேரும் புகுந்து, படிக்கட்டெல்லாம் நின்று இசையமைப்பாளர் லிஸ்ட்டின் ‘ஹங்கேரிய ராப்சடி’ என்ற இசைத்துண்டை ஆரம்பிக்கிறார்கள். மனிதர் மேலே கோபமாக நிற்கிறார். முதலில் விரல் அசைகிறது, பிறகு கை, கடைசியில் பேட்டன் (நடத்துநரின் கைக்கோல்) இல்லாமலே முழுசாக நடத்திக்கொண்டிருக்கிறார். வசனம் கிடையாது. எனக்கு அந்த ஒரு காட்சி போதும்.

கறார்கந்தசாமி:
அழகான காட்சிதான். அதுதான் என் கவலையும். பெரிய மனுஷர் மனசு இரங்கினால் பிழைப்பு, இல்லாவிட்டால் பட்டினி. சங்கம் என்ற பேச்சே எழவில்லை.

ஓட்டைப்ரொஜெக்டர்:
எங்கே இரங்கினார்? அவர் அலுவலகத்தில் மணியடித்த போனை எடுத்து, வேலையற்றோர் குழுவை அவர் நடத்தப்போவதாகப் பத்திரிகைக்காரரிடம் பாட்ஸி அளந்துவிட்டாள். செய்தி அச்சாகிவிட்டது. இது பிச்சை இல்லை அண்ணே, பச்சையான சூழ்ச்சி!

கறார்கந்தசாமி:
சூழ்ச்சிக்கு முழு மதிப்பெண். இதையும் கேளுங்க: சிறந்த இசைக்கான ஆஸ்கர் இந்தப் படத்துக்குத்தான். வாங்கியவர் படத்தை எடுத்த யூனிவர்சல் ஸ்டூடியோவின் இசைத்துறைத் தலைவர் சார்லஸ் ப்ரெவின். அப்போதைய விதிப்படி விருது துறைத் தலைவருக்குத்தான் போகும். வாசித்தவன் பேர் அங்கேயும் இல்லை.

சுருதிபேதம்:
கந்தசாமி அண்ணன் விருது மேடைக்கே கொடி பிடிச்சுட்டு வந்துட்டார். அடுத்து ‘திவாலாக இருந்த யூனிவர்சலைக் காப்பாற்றியது டர்பினா?’ என்று யாராவது ஆரம்பிப்பீங்க. அதுக்குத் தனித் திரி போடுங்கப்பா.