பழைய வாழ்த்து அட்டைகளில் மரத்துக்குத் தொங்கல்கள்: மடிப்பு வெடிக்கிறது, கையெழுத்தை வெட்ட மனம் வரவில்லை

காகிதப்பூ:

எல்லோருக்கும் வணக்கம். அலமாரியை ஒழித்தபோது ஒரு தகர டப்பா நிறைய பழைய வாழ்த்து அட்டைகள் கிடைத்தன, எண்ணிப் பார்த்தால் 64. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பிறந்தநாள் எல்லாம் கலந்து கிடக்கின்றன. தூக்கிப் போடவும் மனமில்லை, மறுபடி டப்பாவில் போட்டு மூடவும் மனமில்லை, சரி, இந்த வருடம் கிறிஸ்துமஸ் மரத்தில் மாட்ட இதிலேயே தொங்கல்கள் செய்வோம் என்று உட்கார்ந்தேன். 20 வட்டங்களை வெட்டி, ஒவ்வொன்றின் ஓரத்தையும் மூன்று பக்கம் மடித்து நடுவில் முக்கோணம் வரச் செய்து, அந்த ஓரங்களை ஒன்றோடொன்று ஒட்டுவார்களே, அந்த உருண்டை. மடித்த இடமெல்லாம் மேல்பூச்சு வெடித்து வெள்ளையாகத் தெரிகிறது. ஒட்டியதில் பாதி மறுநாள் காலையில் பிரிந்து கிடந்தது. அட்டை பளபளப்பாக இருப்பதாலா, பசை சரியில்லையா?

இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிய விஷயம். இவற்றில் 11 அட்டைகள் அப்பா அனுப்பியவை. அவர் இப்போது இல்லை. ஒவ்வொன்றிலும் நாலு வரி எழுதி, தேதி போட்டு, தேதிக்கு அடியில் ஒரு கோடு இழுத்திருப்பார். அவையும் மரத்தில் தொங்க வேண்டும் என்று ஆசை, ஆனால் கத்தரிக்கோலை எடுத்தால் கை வரவில்லை. யாராவது இப்படிச் செய்திருக்கிறீர்களா? 7 வயது மகளும் கூட உட்கார்ந்து செய்வாள், அவளுக்கு ஏற்ற மாதிரியும் ஏதாவது சொல்லுங்கள்.

மடிப்புப்பிரியன்:

சகோதரி, ஓரங்களை உள்பக்கமாக மடித்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் இரண்டு சிக்கலுக்கும் அதுதான் காரணம். படம் வெளியே இருக்க, ஓரத்தைப் பின்னுக்கு மடித்தால் மேல்பூச்சு இழுபட்டுப் பிளக்கும். அதோடு பக்கத்து முக்கோணத்தின் ஓரத்தை ஒட்டும்போது பளபளப்பும் பளபளப்பும்தான் சேர்கின்றன, அதில் எந்த வெள்ளைப் பசையும் நிற்காது. படம் இருக்கும் பக்கமாகவே ஓரங்களை நிமிர்த்தி மடியுங்கள். அப்போது வெள்ளையான பின்பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டும், பூச்சில்லாத தாள் என்பதால் பசையை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஓரங்கள் வெளியே விளிம்பு விளிம்பாக நிற்கும், அதுதான் அந்த உருண்டைக்கு அழகே.

மடிப்பதற்கு முன் கோடு அழுத்த வேண்டும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை ஸ்கேல் ஓரமாக ஒரு தடவை அழுத்தி இழுத்தால் தாளில் மெல்லிய பள்ளம் விழும், அப்புறம் அட்டை தானாகவே அந்த இடத்தில் மடங்கும். கத்தி முனையை மட்டும் வைக்காதீர்கள், மடிப்பு பிய்ந்துவிடும்.

காம்பஸை 2.5 செ.மீ. வைத்து வட்டம் போடுங்கள். அதே அளவை மாற்றாமல் வட்டத்தின் மேலேயே சுற்றிப் புள்ளி வைத்துக்கொண்டே போனால் சரியாக 6 புள்ளி வரும், ஒன்று விட்டு ஒன்றை இணைத்தால் சமபக்க முக்கோணம், அதன் மூன்று பக்கங்கள்தான் மடிப்புக் கோடுகள். இதை ஒரு கனமான அட்டையில் வெட்டி அச்சாக வைத்துக்கொண்டால் 20 தடவை அளக்க வேண்டியதில்லை. 12.5 x 17.5 செ.மீ. அட்டையின் முன்பக்கத்தில் 6 வட்டம் எடுக்கலாம், ஆக ஒரு உருண்டைக்கு 4 அட்டை. ஒட்டும்போது 5 சேர்ந்து மேல் மூடி, 5 சேர்ந்து கீழ் மூடி, மீதி 10 ஒன்று நேராக ஒன்று தலைகீழாக ஒரு பட்டை. பட்டையை வளையமாக்கி மூடிகளை ஒட்ட வேண்டியதுதான். தொங்கவிடும் நூலை மேல் மூடியில் முதலிலேயே கோத்து உள்ளே முடிச்சுப் போட்டுவிடுங்கள், மூடிய பிறகு வழியில்லை. ஒவ்வொரு ஒட்டுக்கும் துணி கிளிப் மாட்டிப் பசை இறுகும் வரை விடுங்கள்.

நீலமை:

தோழி, கையெழுத்து விஷயத்தில் என் அனுபவத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அம்மா ஊற்றுப்பேனாவில் எழுதிய அட்டை ஒன்றை நான் நேராக வெட்டி, நட்சத்திரத்தின் நடுவில் ஒட்டி, மேலேயும் கொஞ்சம் பசை தடவினேன், பளபளப்பாக இருக்கும் என்று. பசையின் ஈரத்தில் மை கரைந்து, என் பெயரை அவர் எழுதியிருந்த வரி நீலத் திட்டாகிவிட்டது. அது திரும்ப வராது. அதனால் அசலில் பசை படவே கூடாது. ஸ்கேன் செய்து, லேசர் பிரிண்ட் எடுத்து, அந்தப் பிரதியை வெட்டுங்கள். ஜெராக்ஸ் ஆனாலும் சரி. இரண்டிலும் எழுத்து பொடியாக உருகிப் பிடித்திருப்பதால் ஈரத்தில் கரையாது, இங்க்ஜெட் பிரிண்ட் பெரும்பாலும் கலங்கும்.

படத்தையாவது அசலாக வைக்க வேண்டும் என்றால் அட்டையை விரித்துப் பாருங்கள். பெரும்பாலும் படம் முன்பாதியில், எழுத்து பின்பாதியின் உள்பக்கத்தில் இருக்கும், எழுத்தைத் தொடாமல் படத்தை மட்டும் எடுக்கலாம். படத்தின் பின்னால் அவர் ஒன்றும் எழுதவில்லை என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

பழையதாள்:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். அப்பாவின் 11 அட்டைகளில் படத்தைக்கூட வெட்ட வேண்டாம். அவர் கையில் எடுத்து, இந்தப் படம்தான் பிள்ளைக்கு என்று பொறுக்கிய முழுப் பொருள் அது. நான் பழைய அட்டைகளைச் சேர்ப்பவன், பாதி வெட்டிய அட்டைகள் நிறைய வரும், ஒவ்வொன்றையும் பார்க்கும்போது வலிக்கும். லண்டனில் 1843-இல் ஹென்றி கோல் என்பவர் சொல்லி ஓவியர் ஹார்ஸ்லி வரைந்த முதல் வணிகக் கிறிஸ்துமஸ் அட்டையே இன்று சில பிரதிகள்தான் மிஞ்சியிருக்கிறது. மற்ற 53-இல் எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டுங்கள், அவற்றிலும் மிகப் பழையது இருந்தால் எடுத்து வைத்துவிடுங்கள். அசல்களை லேமினேட் செய்யாதீர்கள், அந்தச் சூடும் பசையும் பிறகு பிரியாது. வெயிலும் ஈரமும் படாத இடம் போதும்.

சின்னக்கத்தரி:

மகளுக்குப் பட்டை உருண்டை கொடுங்கள். 1.5 செ.மீ. அகலம், 15 செ.மீ. நீளத்தில் 10 பட்டைகள், இரண்டு முனையிலும் ஓட்டை. எல்லாவற்றையும் அடுக்கி நூல் கோத்து, கீழே ஒரு மணியோடு முடிச்சுப் போட்டு, மேலே இழுத்தால் வில்லாக வளையும், அப்புறம் பட்டைகளை விசிறி மாதிரி சுற்றிலும் விரித்துவிட்டால் உருண்டை. பசையே வேண்டாம், ஏழு வயதுக் கைக்கு எளிது.

திறந்தால் பாட்டு வரும் அட்டை இருந்தால் முதலில் நீங்களே பிரித்து உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரியை எடுத்துக் குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும்.

காகிதப்பூ:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மடிப்புப்பிரியன் அண்ணா, உள்பக்கம்தான் மடித்திருந்தேன். வெளிப்பக்கம் மாற்றி மடித்தேன், நேற்று ஒட்டியது இன்று காலை ஒன்றுகூடப் பிரியவில்லை. மகள் பட்டை உருண்டை மூன்று முடித்துவிட்டாள்.

பழையதாள் ஐயா, நீங்கள் சொன்ன மாதிரியே அப்பாவின் அட்டைகளை முழுதாக எடுத்து வைத்துவிட்டேன். படம், எழுத்து இரண்டையும் லேசர் பிரிண்ட் எடுத்து, முதுகோடு முதுகாக ஒட்டி, 11 வட்டங்கள். முதலில் 6 செ.மீ. வெட்டலாம் என்று இருந்தேன், தேதிக்கு அடியில் அவர் இழுத்த கோட்டின் வால் வெளியே போனது. 7 செ.மீ. வைத்ததும் கோடு முழுதாக உள்ளே வந்துவிட்டது.