மலையில் காலிக் கட்டிலா? வெளிமாநிலத் தொழிலாளர் பிள்ளைகளும் இலவச விடுதிப் பள்ளியும்

நாகலூர் நாட்டான்:
நேத்து வேற ஒரு இழையில அஞ்சுரோடு அரசுங்கிறவர் எழுதினதை அப்படியே போடுறேன்: "ஏற்காடு எஸ்டேட்டுக்கும் சேலம் செங்கல் சூளைக்கும் வர்ற ஜார்கண்ட், ஒடிசாக்காரங்க பிள்ளைகளைத் தங்க வச்சு சோறு போட்டுப் படிக்க வைக்க மலையில உண்டு உறைவிடப் பள்ளி இருக்கு. அனுப்ப மாட்டேங்கிறாங்க. பாதிக் கட்டில் காலியாக் கிடக்கு."

ஐயா, எந்தக் கட்டில்? அந்த மாதிரி ஒரு பள்ளியில ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் தங்கிப் படிச்சவன் நான். பகல்ல கணக்குப் பாடம் நடந்த அதே ரூம்ல ராத்திரி பெஞ்சை ஓரந்தள்ளிட்டுப் பாய் விரிச்சோம். தலைமாட்டுல தகரப் பெட்டி. மார்கழிக் குளிருக்கு ரெண்டு பேர் ஒரே கம்பளிக்குள்ள. இல்லாத கட்டில் எப்படிங்க காலியாக் கிடக்கும்?

அஞ்சுரோடு அரசு:
வந்துட்டார்யா. நீங்க படிச்சது எந்தக் காலம்? இப்ப இரும்புக் கட்டில், அதுவும் மேல கீழ அடுக்குக் கட்டில். சப்ளை பண்ணினதே என் மச்சான்தான். ஏத்தி இறக்கின வண்டிக்கு நானே கூடப் போனேன். உங்க பாய்க் கதையை வச்சு இன்னும் எத்தனை வருஷம் ஓட்டுவீங்க?

நாகலூர் நாட்டான்:
மச்சான் சப்ளை பண்ணினாராம். எந்தப் பள்ளி, எத்தனை கட்டில்? பில் இருந்தா போடுங்க.

வாழப்பாடி டீச்சர்:
ரெண்டு பேரும் கட்டிலை விட்டு இறங்குங்க சார். நீங்க சொல்ற மலைப் பள்ளி பழங்குடியினர் நலத்துறையோடது, அங்க முதல்ல கேக்கிறதே சாதிச் சான்றிதழ். ஒராவோன், முண்டா பிள்ளைங்க ஜார்கண்ட்ல பழங்குடி. சேலம் ஜங்ஷன்ல இறங்கினதும் இல்ல. தமிழ்நாட்டுப் பட்டியல்ல அந்தப் பேரே கிடையாது. ஊர் மாறி வந்தவங்க இங்க அந்தச் சலுகை கேக்க முடியாதுன்னு உச்ச நீதிமன்றம் 1990லயே சொல்லிடுச்சு. இடம் இருந்தாலும் அந்தப் பிள்ளை எந்தக் கணக்குல உள்ள வரும்?

சாதாரணப் பள்ளின்னா கதை வேற. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி 6 வயசுல இருந்து 14 வரைக்கும் எந்த மாசம் வந்தாலும் சேர்த்துக்கணும். டிசி இல்லன்னு திருப்பி அனுப்பக் கூடாது. ஆனா சாயந்திரம் மணி அடிச்சதும் அது எங்க போய்த் தூங்கும்னு சட்டம் சொல்லலியே.

அஞ்சுரோடு அரசு:
டீச்சர், சான்றிதழெல்லாம் சாக்கு. பெத்தவங்களுக்கு மனசு இல்ல. ஒடிசாவுல புவனேஸ்வர்ல 1993ல ஆரம்பிச்ச கலிங்கா சமூக அறிவியல் நிறுவனத்துல ஆயிரக்கணக்கான பழங்குடிப் பிள்ளைங்க இலவசமாத் தங்கிப் படிக்குது. அங்க அனுப்புறவங்க இங்க ஏன் அனுப்பல? அதான் கட்டில் காலி.

நாகலூர் நாட்டான்:
பில் எங்க?

அப்புறம், சூளையில கூலி எப்படின்னு உங்களுக்குத் தெரியாதா அரசு? ஆயிரம் கல்லுக்கு இவ்வளவுன்னு பேச்சு. ஊர்லயே அட்வான்ஸ் கொடுத்து மேஸ்திரி குடும்பத்தோட ஏத்திட்டு வர்றார். அப்பன் மண்ணு மிதிக்க, அம்மா கல் அறுக்க, எட்டு வயசுப் பிள்ளை வெயில்ல பச்சைக் கல்லைத் திருப்பித் திருப்பிப் போடும். அந்தப் பிள்ளை விடுதிக்குப் போனா எண்ணிக்கை குறையும், அட்வான்ஸ் அடையாது. மனசு இல்லையாம்! எஸ்டேட்டுலயும் காப்பிப் பழம் பறிப்பு நவம்பர்ல தொடங்கும், பள்ளிக்கூடம் ஜூன்ல. வந்து சேரும்போது அரையாண்டுப் பரீட்சை. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்துல, 6 முதல் 12 வயசுப் பிள்ளைங்க 25க்கு மேல இருந்தா முதலாளி படிப்புக்கு வழி பண்ணணும்னு மாநிலம் விதி போடலாம்னு எழுதி வச்சிருந்தாங்க. எத்தனை எஸ்டேட் லைன் வீட்டுப் பக்கம் அப்படி ஒரு பள்ளியைப் பார்த்தீங்க?

ரயிலடி ராஜா:
தங்க வச்சுப் படிக்க வைக்கிறேன்னு எவனாவது சொன்னாலே அவங்களுக்குப் பயம்தாங்க. 2014 மே மாசம் பாலக்காடு ஸ்டேஷன்ல என்ன நடந்துச்சு? ஜார்கண்ட், பீகார்ல இருந்து கேரளா அனாதை விடுதிகளுக்குக் கூட்டிட்டு வந்த நூத்துக்கணக்கான பிள்ளைங்களை ரயில்வே போலீஸ் இறக்கி விசாரிச்சாங்க. கடத்தல்னு ஒரு கூட்டம், தர்மம்னு ஒரு கூட்டம். நடுவுல பிள்ளைங்க பிளாட்பாரத்துல.

கொலுசுப்பட்டறை:
அரசு சொல்றதுல பாயிண்ட் இருக்கு. நம்ம ஊர்ப் பிள்ளைக்கே இடம் இல்லாதப்ப இவங்களுக்கு எதுக்கு நம்ம வரிப்பணம்?

நாகலூர் நாட்டான்:
ஓ, கொலுசு வந்தாச்சா. பாதி காலின்னு அரசு சொல்றார், இடமே இல்லன்னு நீங்க சொல்றீங்க. முதல்ல நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க.

வரிப்பணமாம். ஏற்காடுன்னாலே விடுதிப் பள்ளிதான். மாண்ட்போர்ட் பள்ளி 1917ல வந்தது. எங்கெங்கிருந்தோ காசுக்காரன் பிள்ளைங்க இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து படிச்சுட்டுப் போறப்ப யாருக்கும் வயிறு எரியல. இவங்க முதலாளி வீட்டுக் காப்பிக்குப் பழம் பறிக்கிறவ பிள்ளைன்னதும் கணக்குப் புஸ்தகத்தைத் தூக்குறாங்க.

கொலுசுப்பட்டறை:
காசு கட்டிப் படிக்கிறவனை எதுக்கு இழுக்கிறீங்க? உங்களுக்குப் பணக்காரன்னாலே ஆகாது. போன தீபாவளிக்கு வெள்ளி விலை இறங்கும், வாங்காதீங்கன்னு இங்க எழுதினது யாரு? உங்க பேச்சைக் கேட்டு நாலு பேர் பட்டறையில கையைக் கட்டிட்டு உட்கார்ந்தோம்.

நாகலூர் நாட்டான்:
அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? இறங்கும்னு நான் சொல்லல, இறங்கலாம்னு சொன்னேன். இழையைத் தோண்டிப் பாருங்க.

வாழப்பாடி டீச்சர்:
வெள்ளிக்கு வேற இழை இருக்கு. மேற்கு ஒடிசாவுல, பலாங்கீர், நுவாபடா பக்கம், அப்பா அம்மா சூளைக்குக் கிளம்பும்போது பிள்ளையைச் சொந்த ஊர்லயே வச்சுக்கப் பருவகால விடுதி நடத்துறாங்க. மொழியும் மாறாது, வாத்தியாரும் மாற மாட்டார். இங்க கொண்டு வந்து விட்டா நம்ம 2006 தமிழ் கற்பிப்புச் சட்டப்படி தமிழும் படிச்சாகணும். நான் அதுக்கு எதிரி இல்ல, சொல்லிக் கொடுக்கிறவளே நான்தான். பிள்ளை நாலு மாசத்துல கிளம்பிடுதே, என்ன செய்யறது?

அஞ்சுரோடு அரசு:
அப்ப நாட்டான் எப்படிப் படிச்சாராம்? அவரும் விடுதிதானே? நல்லாத்தானே இருக்கார், வாய் உட்பட.

நாகலூர் நாட்டான்:
நல்லாக் கேட்டீங்க. எங்கப்பா அம்மா வருஷா வருஷம் தை பிறந்தா குடகுக்கு மிளகு பறிக்கப் போவாங்க. சேர்வராயன், கல்வராயன் மலையில இருந்து கேரளா, குடகுன்னு போகாத வீடு குறைச்சல். அதனாலதான் என்னை விடுதியில விட்டாங்க. நானும் வெளியூர்த் தொழிலாளி பிள்ளைதான், போதுமா? என் கையில மலையாளின்னு (கேரளாக்காரன் இல்ல, இந்த மலைப் பழங்குடி) சேலம் மாவட்டச் சான்றிதழ் இருந்துச்சு, உள்ள விட்டாங்க. அந்த முண்டா பிள்ளைக்கு அது இல்ல. அரசுக்கு அது புரியாது, ஏன்னா அவருக்குக் கட்டில்தான் தெரியும். எட்டு முறை கேட்டாச்சு, பில் வரல.

அஞ்சுரோடு அரசு:
ரெண்டு முறைதான் கேட்டீங்க. எண்ணவும் வராதா? உங்க பள்ளிக்கூடம் நடந்த லட்சணம் இதுலயே தெரியுது. வியாபார பில்லை ஊர்ல போறவன் வர்றவனுக்கெல்லாம் காட்ட முடியாது. ஞாயித்துக்கிழமை அஞ்சுரோட்டுக்கு வாங்க, மச்சானையே காட்டுறேன்.

ரயிலடி ராஜா:
மச்சான் கட்டில் கடையா வச்சிருக்கார்? போன வாரம் பீரோ கடைன்னு சொன்னீங்களே அரசு.

அஞ்சுரோடு அரசு:
பீரோ செய்றவன் கட்டில் செய்யக் கூடாதா?

மட்டுறுத்துநர்:
பள்ளி பற்றி மட்டும் பேசவும். பள்ளி பற்றிப் பேசிய டீச்சரின் பதிவைப் புகார் செய்தது யார் என்று தெரியவில்லை. மீட்டிருக்கிறேன்.

கொலுசுப்பட்டறை:
நான் இல்ல.

நாகலூர் நாட்டான்:
யாரும் கேக்கலியே கொலுசு?