மூக்குத்தி போட்ட பூனை

லண்டனில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது பிரிட்டிஷ் மியூசியத்தின் 4ஆம் எண் கூடத்தில் அந்தப் பூனையைப் பார்த்தேன். சுற்றிலும் எகிப்திய அரசர்களின் பிரம்மாண்டமான கற்சிலைகள். நடுவே 42 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு வெண்கலப் பூனை, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறது. காதில் தங்க வளையம், மூக்கிலும் தங்க வளையம், தலையில் ஒரு வண்டு, மார்பில் வெள்ளியில் ஹோரஸின் கண் என்கிற எகிப்தியக் காப்புச் சின்னம். கி.மு. 600 வாக்கில் செய்தது. இதை மியூசியத்துக்குக் கொடுத்த கேயர்-ஆண்டர்சன் பெயரால்தான் அழைக்கிறார்கள். எகிப்தியரின் பூனைத் தெய்வமான பாஸ்டெட் தேவியின் உருவம் என்றாலும் எனக்கு அந்த மூக்கு வளையத்தைப் பார்த்ததும் அம்மா ஞாபகம்தான் வந்தது.

கடையில் சின்ன நகல் வாங்கினேன். வாங்குகிறவர்கள் மூக்கையும் தலையையும் உற்றுப் பாருங்கள். வளையமும் வண்டும் இல்லாவிட்டால் அது வெறும் கறுப்புப் பூனை பொம்மை.

பெட்டியில் துண்டைச் சுற்றி வைத்தது என் தப்பு. நூலில் மாட்டி ஒரு காது வளையம் கழன்று எங்கேயோ விழுந்துவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. என் மகளுக்குக் காது குத்தியபோது போட்ட பொடி வளையத்தை பீரோவிலிருந்து எடுத்து வந்து மாட்டிவிட்டார். "மெழுகு கட்டி வார்த்ததா இது?" என்று கேட்டார். சுவாமிமலைப் பக்கத்துக்காரர், அதுதான் முதலில் தோன்றும். மூலச் சிலை மெழுகு வார்ப்புதான், ஆனால் உள்ளே காலி. எக்ஸ்ரே எடுத்தபோது உடம்பைச் சுற்றி விரிசல் ஓடுவது தெரிந்ததாம். அதையும் உள்ளே முட்டுக் கொடுத்துத்தான் வைத்திருக்கிறார்கள் என்றேன். அப்புறம்தான் என் மனசு ஆறியது. இப்போது வருஷா வருஷம் கொலுவில் மூன்றாம் படி அதற்கு.

*

அக்கா, கெய்ரோவில் இப்னு துலூன் பள்ளிவாசலை ஒட்டி கேயர்-ஆண்டர்சன் குடியிருந்த வீடு இன்று மியூசியம். அங்கே இருப்பதும் இந்தப் பூனையின் நகல்தான்!

என் கதை மாமல்லபுரம். அர்ச்சுனன் தபசு பாறைச் சிற்பத்தில் பெரிய யானையின் தந்தத்துக்குப் பக்கத்தில் ஒரு பூனை பின்காலில் நின்று, கையைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்யும். காலடியில் எலிகள். மேலே தவசி நிற்கிற அதே நிலை. மகாபாரதத்தில் வரும் கள்ளத்தவப் பூனை கதை என்பார்கள்.

பூனை வளர்க்கும் தோழிக்குப் பிறந்தநாள். கடை கடையாகப் பிள்ளையாரும் புத்தரும்தான். கடைசியில் ஒரு சிற்பியிடம் கேட்டேன். போட்டோ காட்டப் போனால், "வேண்டாம் தம்பி, சின்ன வயசிலேர்ந்து பாக்கறதுதானே" என்றார். நான்கு நாளில் மாக்கல்லில் ஒரு சாண் உயரத்துக்குச் செய்து கொடுத்தார். விலா எலும்பு தனித்தனியாகத் தெரிந்தது. வயிறு ஒட்டினால்தான் தவம் என்று அவரே விரலால் தடவிக் காட்டினார். தோழி இன்றும் அதை வாசல் அலமாரியில் வைத்திருக்கிறாள். அவள் பூனை அதன் பக்கத்தில்தான் படுக்கிறது.

*

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன் தம்பி. எலிகளையும் சேர்த்துச் செய்தாரா என்று கேட்கிறார். புரட்டாசிக்குள் ஒன்று சொல்லி வைக்க முடியுமா?